யாரும் கேட்காத கிளாக்

கப்பலூர் சிட்கோவில் இரவு பதினொன்றரை.
பக்கத்துப் பட்டறையின் லேத் ஓய்ந்துவிட்டது.
மேசைமேல் திறந்து கிடக்கிறது
கருமாத்தூர்ப் பால் சங்கத்தின் பெட்டி:
உள்ளங்கையளவு போர்டு, நாலு திருகாணி,
இடுக்கில் உலர்ந்த பாலேடு.

புதுக் கெர்னல் ஏற்றிய நாளிலிருந்து
யுஎஸ்பி செத்துப் போகிறது.
பூட்லோடரில் உயிரோடிருக்கிறது.
லினக்ஸ் எழுந்த முதல் சில நொடிகள்
தராசு தெரிகிறது, பிரிண்டர் தெரிகிறது,
பிறகு இரண்டும்
சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகின்றன.
திரையில் ஒரே வரி, மறுபடி மறுபடி:
பிழை, மைனஸ் நூற்றுப் பத்து.
காத்திருந்தேன், பதிலில்லை என்று அர்த்தம்.

ஏழு கேபிள் மாற்றியாயிற்று.
ஜெபக்கனி ஐந்து வோல்ட்டை அளந்து
"கரெண்டு கல்லு மாதிரி நிக்குது" என்றான்.
சாக்கெட்டை எடுத்து மறுபடி சால்டர் வைத்தான்.
புகை புதிது.
பிழை பழையதுதான்.

சாயங்காலமே சங்கத்திலிருந்து சின்னக்காளை போனில்:
"ஏம்மா, நாளைக்கும் கையாலதான் எழுதணுமா?
ஆளுக்கொரு கணக்குச் சொல்லுறாங்க,
அங்கிட்டுப் பேசுறதா இங்கிட்டுப் பேசுறதா?"

நள்ளிரவுக்குப் பிறகுதான் தோன்றியது,
யுஎஸ்பி சில்லுக்குப் போகும் காலில்
ஆஸிலாஸ்கோப் ஊசியை வைத்துப் பார்க்க.
பச்சை அலை.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாம் நொடியில்
கோடு.

அதே நொடியில் பதிவேட்டில் ஒரு வரி
ஓடிப்போனதைத் தினமும் பார்த்திருக்கிறேன்,
படித்ததில்லை:
பயன்படாத கிளாக்குகள் அணைக்கப்படுகின்றன.

ஆள் இல்லாத வீடென்று நினைத்து
ஃப்யூஸைப் பிடுங்கிப் போகிற லைன்மேன் மாதிரி
கெர்னல் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறது.
இது யாருக்கு வேண்டும்?
யுஎஸ்பி வாயைத் திறக்கவில்லை.
பூட்லோடர் ஏற்றிவைத்துவிட்டுப் போன வெளிச்சத்தில்
அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

பெங்களூருக்குப் போய்விட்ட எவனோ ஒருவன்
பழைய கெர்னலில் ஒரு சொல்லைச் செருகியிருந்தான்:
யார் கேட்காவிட்டாலும் எதையும் அணைக்காதே.
அதனால்தான் கரெண்டு போன காலைகளில்
பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கவில்லை.
ஊரே தூங்க, எல்லா அறையிலும் விளக்கு.

அந்தச் சொல்லையே திரும்பப் போட்டுவிட்டுப்
படுக்கப் போகலாம்தான்.
இரண்டு மணிக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

போடவில்லை.
டிவைஸ் ட்ரீயில் யுஎஸ்பியின் பெயருக்குக் கீழே
ஒரு வரி எழுதினேன்:
இந்த கிளாக் எனக்கு வேண்டும்.
முதல் தடவை அரைப்புள்ளி விட்டுப்போனது.
இரண்டாம் தடவை
அலை நாலாம் நொடியைத் தாண்டியது,
நாற்பதைத் தாண்டியது,
ஜெபக்கனி டீ வாங்கி வரும்வரை ஓடியது,
ஆறிப்போன டீயைக் குடித்து முடிக்கும்வரை ஓடியது.

வெள்ளன ஐந்தரைக்குக் கருமாத்தூர்.
தராசு எண்ணைச் சொன்னது, பிரிண்டர் கிரீச்சிட்டு
முதல் சீட்டைத் துப்பியது:
உறுப்பினர் 43, வீரணன்,
ஆறு புள்ளி இரண்டு லிட்டர், கொழுப்பு நாலு புள்ளி மூன்று.
கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தவள் ஒச்சம்மாள்.

"வீரணன் யாரு?"
"வீட்டுக்காரரு. திருப்பூர்ல இருக்காரு, மூணு வருசமா."
"மாடு?"
"மாடு என்னுது. கறக்கிறதும் நாந்தான்."

உறுப்பினர் பட்டியலைத் திறக்கிற கடவுச்சொல்
என்னிடம் உண்டு.
மாற்றுகிற உரிமை இல்லை.
பெட்டியை மூடித் திருகாணி முடுக்கினேன்,
மூன்றுதான், நாலாவது பட்டறையிலேயே தொலைந்துவிட்டது.

ஒச்சம்மாள் சீட்டை இன்னொரு முறை பார்த்தாள்.
"ஏண்ணே, பேரு மாத்த
என்ன எழுதித் தரணும்?"

சின்னக்காளை மேசை இழுப்பறையை இழுத்தார்.
சிக்கிக்கொண்டது. மறுபடி இழுத்தார்.
வரிசையில் பின்னால் நின்றவர்கள்
கேனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்கள்.
அவள் நகரவில்லை.